ஆறுக்கு ஆறு

என் பெண் என் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காப்பியை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு விரல் இல்லாத கை அது. இடது கை. நடுவிரலும் மோதிர விரலும் அடியோடு போய், தையல் போட்ட இடம் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அவள் ஊரில் இல்லாதபோது, டயர் மாற்றுகையில் ஜாக்கி சரிந்து நடந்த சங்கதி. அப்போதுதான் அவளுக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. அழக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். அதனால் நானும் என் சம்சாரம் சம்பூரணமும் அவளிடம் மூச்சு விடவில்லை. போனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.

லீவுக்கு வருகிறாள் என்று நாமக்கல் பஸ் நிலையத்துக்குப் போனபோதுகூடக் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் போனேன். வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் துண்டு எங்கேயோ போய்விட்டது. காப்பியை அந்தக் கையாலேயே நீட்டிவிட்டேன். அவள் பார்த்தாள். நேராகத்தான் பார்த்தாள்.

சமையற்கட்டில் சம்பூரணம் மூக்கைச் சிந்தினாள்.

"பாத்துப்போட்டு எப்படிப் பேசாம இருக்கறா பாருங்க. பட்டாளத்துல சேந்தா மனசு கல்லாப் போயிருமாட்டிருக்குது."

"உன்ற புள்ளதான. நீ மட்டும் நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப என்ன கேட்ட? வண்டிக்கு ஒண்ணும் ஆகலியேன்னு கேட்ட."

"அது பதட்டத்துல கேட்டது."

"இவளும் பதட்டத்துல பேசாம இருக்கறா. போ, தோசையப் பாரு."

சொன்னேனே தவிர எனக்கும் அது உறுத்தியது. பெண் பெயர் கனிஷ்கா. ரொம்பத் தாமதமாகப் பிறந்தவள். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். வாழ்நாள் முச்சூடும் லாரி ஓட்டியவன். வண்டி என்றால் தரையில் ஓட வேண்டும் என்பது என் கட்சி. அவளுக்கு மேலே போக வேண்டும். தென்கரை வான்காவல் படை என்று புதிதாக ஆரம்பித்தார்களே, அதில் விமானம் ஓட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஓட்டம், எழுத்து, நேர்முகம் எல்லாவற்றிலும் தேறினாள். கண்ணில் விழுந்துவிட்டாள். அட்டை எதையும் காட்டவில்லை, மெஷினிலேயே கண்ணை அளந்துவிட்டார்கள். கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டவளுக்கு அங்கே இடம் கிடையாது. நல்ல கண் ஆறு மீட்டரிலிருந்து எதைப் பார்க்குமோ அதை ஆறு மீட்டரிலிருந்தே பார்க்க வேண்டும். ஆறுக்கு ஆறு என்பார்கள். எங்கள் லைசென்ஸுக்கும் அதே கணக்குத்தான்.

அழுதுகொண்டு கிடந்தவளுக்கு அடுத்த வருசமே புது விதி வந்தது. படையின் சொந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டால் சேர்த்துக்கொள்வார்களாம். கண்ணுக்குள் இருக்கிற சொந்த லென்ஸை எடுத்துவிட்டு, கற்றுக்கொள்ளும் லென்ஸ் என்று ஒன்றை வைப்பார்கள். அது மூளையோடு பேசிப் பேசித் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்.

"நல்லா இருக்கற கண்ண எதுக்கு நோண்டோணும்?" என்று அப்போதே கேட்டேன்.

"நல்லா இல்லீங்கப்பா. அதான சங்கதியே."

"எனக்கு நல்லாத்தான் தெரியுது உன்ற கண்ணு."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? எனக்குத் தெரியோணுமில்ல."

போனாள். செய்துகொண்டாள். சேர்ந்தும் விட்டாள்.

தோசை சாப்பிட்டு முடித்ததும் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டேன். மனசில் வைத்துக்கொண்டு புழுங்குவது எனக்கு ஆகாது.

"கனி, இங்க வா சாமி. என்ற கையப் பாரு."

"பாத்தேனே."

"எத்தன விரலு?"

சிரித்தாள். "அங்கதான் எந்நேரமும் கண் டெஸ்டுன்னா இங்கயுமா? அஞ்சு."

தண்ணீர்ச் சொம்போடு வந்த சம்பூரணம் நின்ற இடத்திலேயே நின்றாள். நான் கையைக் கனியின் மூக்குக்கு நேராகக் கொண்டுபோனேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"அஞ்சுதானுங்கப்பா. நகத்த வெட்டறதில்லையா? மோதிரம் வேற கறுத்துப் போய்க் கெடக்குது, புளி போட்டுத் தேய்க்கச் சொல்லுங்க அம்மாவ."

மோதிரம். அதை ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள். இரண்டு துண்டாகப் பீரோவில் கிடக்கிறது.

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அப்பன் கையைப் பார்க்கிற பெண்ணின் முகம்தான்.

"சாமி, ரெண்டு விரலு போயிருச்சு. ஆடி மாசம், ஜாக்கி சரிஞ்சு. நீ ஆஸ்பத்திரியில இருந்த, அதான் சொல்லல."

சிரித்த வாய் அப்படியே நின்றது. பிறகு அவள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். ஆடி மாசம் போன விரல்கள் அவள் கண்ணுக்கு முன்னால் அந்த நிமிசம்தான் போயின. கையைப் பிடித்துக்கொண்டாள். தையலைத் தடவித் தடவி அழுதாள்.

"சொன்ன பொறவுதான் தெரியுதா உனக்கு?" என்றாள் சம்பூரணம். அவள் குரலில் கோபம் இல்லை, பயம்.

"பஸ்ஸுல வந்த அலுப்பும்மா. கவனிக்கல."

கவனிக்காதவள் மோதிரம் கறுத்ததை எப்படிக் கவனித்தாள்? நான் யாரையும் எதையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை. டீசல் போட்டால் பங்க்கில் மீட்டரையும் பார்ப்பேன், டேங்கில் குச்சியை விட்டும் பார்ப்பேன். மறுநாள் காலையில் குச்சியை விட்டுப் பார்த்தேன்.

வலது கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். இது ஒரு அடியும் படாத, முழுசான கை.

"நேத்தே சொல்லிருக்கோணும். நீ அழுவறயேன்னு உட்டுட்டேன். இந்தக் கையிலயும் கட்டைவிரலு பாதி போச்சு சாமி."

கையை வெளியே எடுத்து நீட்டினேன். கட்டைவிரலை ஆட்டிக்கூடக் காட்டினேன்.

"ஐயோ, இதுலயுமாங்கப்பா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "எப்படிச் சாப்புடறீங்க? எப்படி ஸ்டேரிங் புடிப்பீங்க?"

ஆடிக்கொண்டிருக்கிற விரலைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள். லாரியில் போகும்போது எத்தனையோ பார்த்திருக்கிறேன். பாலத்தில் தொங்கிய பஸ்ஸைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு நடுக்கம் எனக்கு வந்ததில்லை. அவள் தொடுவதற்குள் கையை இழுத்துக்கொண்டேன்.

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். நல்லாத்தான் இருக்குது, பாரு."

பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். பிறகு கோபம் வந்துவிட்டது. "வயசானா இப்படியெல்லாமா வெளையாடுவாங்க?" என்று எழுந்து போனவள், மத்தியானம் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

சோறு போடும்போது அவளே இறங்கி வந்தாள். பேச்சு விமானத்துக்குப் போனது. அவர்கள் விமானத்தில் முன்னால் ஒரு சீட்டு, பின்னால் ஒரு சீட்டு. பயிற்சியில் இருப்பவர்கள் பின்னால்.

"போன வாரம் கடல்மேல போனோம்மா. ஒரு படகுல துப்பாக்கியெல்லாம் ஏத்திக்கிட்டு வந்தாங்க. நான்தான் பாத்துச் சொன்னேன். கமாண்டர் எல்லாரு முன்னாலயும் எனக்குக் கை குடுத்தாரு."

"அத்தன ஒசரத்துலேர்ந்தா தெரிஞ்சுது?" என்றாள் சம்பூரணம்.

"பளிச்சுன்னு தெரிஞ்சுது."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன். "துப்பாக்கி இருக்குதுன்னு போறதுக்கு முந்தியே சொல்லி அனுப்புனாங்களா?"

"ஆமாங்கப்பா. தகவல் வந்தாச் சொல்லித்தான அனுப்புவாங்க. நாங்க போய்ப் பாத்து உறுதி பண்ணோணும்."

"அப்புறம் அந்தப் படகு என்னாச்சு?"

"முன்சீட்டுல இருந்தவரு சுட்டாரு." கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அது எங்க வேலைங்கப்பா. அடுத்த மாசத்துலேர்ந்து எனக்கே முன்சீட்டு."

உருட்டிய சோறு கையிலேயே இருந்தது. வாய்க்குப் போகவில்லை.

லீவு முடிந்து அவள் கிளம்பிப் போன இரண்டாம் நாள் நானும் பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை, சம்பூரணத்தைத் தவிர. "அவள அங்கிருந்து எறக்கிக் கூட்டியாந்துருங்க," என்றாள். "அழுதா அழுவட்டும். உசுரோட அழுவட்டும்."

ராமநாதபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிறது அவர்கள் தளம். வாசலில் நின்ற காவல்காரன், பார்வையாளர் நேரம் ஞாயிற்றுக்கிழமை என்றான். உங்கள் விமானி ஒருத்திக்குக் கண் தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். உள்ளே விட்டான்.

கண் டாக்டர் பெயர் ஜெசிந்தா. நாற்பது வயது இருக்கும். உட்காரச் சொன்னார். முதலில், வயதானவர் எதையோ உளறுகிறார் என்கிற மாதிரிதான் தலையை ஆட்டினார். கை சங்கதியைச் சொன்னதும் ஆட்டுவது நின்றது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"ஐயா, இது நடக்கவே முடியாது," என்றார். "லென்ஸ் வெச்ச உடனே அதுக்கு ஒண்ணும் தெரியாது, பொறந்த குழந்தை மாதிரி. நாங்க ஒரு எழுத்து அட்டையக் காட்டுவோம். மங்கலாத்தான் தெரியும். தப்புத் தப்பாப் படிப்பாங்க. எங்க தப்பு வருதோ அங்க லென்ஸ் தன்னைத் திருத்திக்கும். தப்பு விட்டு விட்டுத்தான் அது பார்க்கவே கத்துக்கும்."

"என்ற பொண்ணு எத்தன தப்பு உட்டா?"

டாக்டர் என்னையே பார்த்தார். "ஒண்ணுகூட இல்ல. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சா. இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததே இல்லைன்னு அன்னிக்குப் பூரா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்."

எனக்குப் புரிந்துவிட்டது.

"இ. எஃப், பி. டி, ஓ, இசட். எல், பி, இ, டி," என்று சொல்லிக்கொண்டே போனேன். எனக்கு இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த அட்டை தெரியும். "இதுதானுங்களே?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

எங்கள் தெருவில் இது தெரியாதவன் கிடையாது. ஊரே லாரி ஓட்டுகிற ஊர். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சர்ட்டிபிகேட் வேண்டும். அட்டையோ காலம் காலமாக ஒரே அட்டை. ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் பின்னால் டீக்கடையில் பெஞ்சு முழுக்க இதைத்தான் ஒப்பித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெண் பிள்ளைகள் கயிறு தாண்டும்போது ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார்கள், இதைத்தான் சொல்லித் தாண்டுவார்கள். கனி ஏ, பி, சி, டி கற்றுக்கொண்டதே அதற்கப்புறம்தான். ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவே மாட்டாள். பெரிய 'இ' ஒன்று மங்கலாகத் தெரிந்ததும் மற்றதை வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போயிருக்கும்.

"மனப்பாடமா வருவாங்கன்னு நாங்க நினைக்கவே இல்ல," என்றார் டாக்டர்.

"நாமக்கல்லுல ஒரு வார்த்த கேட்டிருந்தாச் சொல்லியிருப்பமே. அப்ப அந்த லென்ஸு என்னதான் கத்துக்கிச்சு?"

"வெளிய இருக்கறதைப் பார்க்கத் தேவையில்ல, இவ மனசுல இருக்கறதைக் காட்டினாப் போதும்னு கத்துக்கிச்சு. புது இடம், தெரியாத ஆளுன்னா நிஜத்தைத்தான் காட்டும். வேற வழி இல்ல அதுக்கு. ஆனா எதையாவது அவ முன்னாலயே நம்பிட்டான்னா, அந்த நம்பினதுதான் தெரியும்."

"மறுபடியும் கத்துக்குடுக்க முடியாதுங்களா?"

"ஒரே தடவைதான் கத்துக்கும்." எழுந்துவிட்டார். "வாங்க. இந்த நிமிஷமே அவளைப் பறக்கறதுலேர்ந்து நிறுத்தணும். கமாண்டர்கிட்டப் போவோம்."

நல்ல பொம்பளை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கமாண்டர் ரகுராமனின் அறை மாடியில் இருந்தது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் ஓடுபாதை, கடல் வரைக்கும் நீண்டு கிடந்தது. டாக்டர் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். கமாண்டர் நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார். எனக்கு அப்போதே உதைத்தது. கெட்ட சேதியைக் கேட்டவன் டீ சொல்ல மாட்டான்.

"பெரியவரே, ரொம்ப நன்றி," என்றார். "அவளுக்கு எப்படி அமைஞ்சதுன்னுதான் எங்களுக்குப் புரியாம இருந்தது."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "சார், உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"படகு விஷயத்துலேர்ந்து தெரியும். உக்காருங்க டாக்டர்." என் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "இந்தக் காலத்துல விமானத்தை மெஷின்தான் ஓட்டுது, ஏத்துது, இறக்குது. ஆனா சட்டம் ஒண்ணு இருக்கு. கடைசியா ஒரு மனுஷன் தன் கண்ணால பார்த்து, ஆமான்னு சொன்னாத்தான் சுடலாம். கண்ணு நல்லா இருக்கறவனை அனுப்பினா, அலை மறைக்குது, வெயிலடிக்குது, சரியாத் தெரியல சார்ங்கறான். அதுக்குள்ள படகு போயிடுது. உங்க பொண்ணு ஒரு செகண்டுகூடத் தயங்கல. அப்புறம் நடந்த விசாரணையிலயும் சத்தியம் பண்ணிச் சொன்னா. பொய்யே இல்ல, அவ பார்த்ததைத்தான் சொன்னா."

"நீங்க சொல்லி அனுப்புனதப் பாத்தா."

"தகவல் வந்தது, சொன்னோம்."

"விமானத்துக் கேமராவுல அந்தப் படகுல என்னங்க தெரிஞ்சுது?"

சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தேன். டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"வலை."

எனக்குக் காதுக்குள் இன்ஜின் ஓடுகிற மாதிரி ஒரே இரைச்சல். என் பெண். சாலையில் நாய் அடிபட்டால் இரண்டு நாள் சோறு தின்னாதவள்.

"அந்த அட்டைப் பாட்டை எங்களுக்கு எழுதிக் கொடுக்கணும்," என்று கமாண்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "சின்னப் புள்ளைங்க எப்படிக் கத்துக்கறாங்க, எத்தனை நாள்ல வருதுன்னு. அடுத்து வர்ற பேட்சுக்கு ஆபரேஷனுக்கு முன்னாலயே சொல்லிக்கொடுத்துடலாம்னு யோசனை."

"நான் அவகிட்டச் சொல்லிப்போடுவேன்," என்றேன். "உன்ற கண்ணு பொய் சொல்லுதுன்னு சொல்லிப்போடுவேன்."

"சொல்லலாமே. என்ன ஆகும்னு டாக்டரைக் கேளுங்க."

டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "தன் கண்ணையே நம்பலைன்னா, எதைக் காட்டறதுன்னு லென்ஸுக்குத் தெரியாதுங்கய்யா. அணைஞ்சிடும். திரும்ப வராது. அவளோட சொந்த லென்ஸும் இப்ப இல்ல."

"குருடா?"

"இருட்டுதான்."

"அவ பார்க்கறதும் கை தொடறதும் மோதிக்கிட்டாலும் அதேதான்," என்றார் கமாண்டர். "அதனால நீங்களும் ஜாக்கிரதையா இருக்கணும், நாங்களும் ஜாக்கிரதையா இருக்கணும்."

எனக்கு எதையும் நம்ப முடியவில்லை. இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு ஒரு கிழவனைப் பயமுறுத்தி அனுப்பப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. விரலைப் பார்க்காமல் போவது வேறு. ஒரு ஆளை, அதுவும் படகு நிறைய ஆளை, பார்க்காமல் போவது வேறு. அதை அப்படியே சொன்னேன்.

"பொய் சொல்றீங்க."

கமாண்டருக்குக் கோபம் வரவில்லை. மேஜைப் போனை எடுத்தார். "கனிஷ்காவா? உங்க அப்பா வந்திருந்தார்மா. ஆமா, உன்னைப் பார்க்கத்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு இப்பத்தான் கிளம்பினார். இங்க நானும் டாக்டரும் மட்டும்தான் இருக்கோம். மேல வந்துட்டுப் போ." தன் செல்போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார்.

கனி வந்தாள். நீலச் சீருடை. சல்யூட் வைத்தாள். டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

அவள் கண் என் முகத்தில் நின்றது. என் மேல் வழுக்கிக்கொண்டு மேஜைக்குப் போனது.

"அதுக்குள்ள போயிட்டாருங்களா சார்? டீயக்கூடக் குடிக்கலியாட்டிருக்குது," என்றாள், என் முன்னால் இருந்த டம்ளரைப் பார்த்து.

டாக்டர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். கமாண்டர் புருவத்தைத் தூக்கினார், இப்போது நம்புகிறாயா என்பது போல.

பெற்ற அப்பனை நேராகப் பார்த்துக்கொண்டே, போய்விட்டார் என்கிறாள். கையெட்டும் தூரம். எழுந்து கட்டிப்பிடித்தால் இருட்டு. உண்மையைச் சொன்னால் இருட்டு. பேசாமல் வீட்டுக்குப் போனால் அடுத்த மாசம் முன்சீட்டு. எந்தப் படகில் எவன் வலையோடு போகிறானோ, அவனுக்கு என் பெண்ணின் கண்தான் எமன்.

என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. "சாமி."

திரும்பினாள். தலை என் பக்கம் வந்தது, கண் என்னைத் தேடியது, கிடைக்கவில்லை. மேஜைமேல் இருந்த செல்போனில் போய் நின்றது. முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பா, போன்லதான் இருக்கறீங்களா? சார், ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா?"

கமாண்டர் ஒரு நொடி திகைத்தார். பிறகு தலையை ஆட்டினார். சமாளித்துவிட்டோம் என்கிற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. பேசு, பேசிவிட்டு முடி என்று எனக்குக் கையைக் காட்டினார்.

"ஆமா சாமி, போன்லதான். பஸ்ஸுல போயிட்டிருக்கேன்."

"ஒரு மணி நேரம் இருந்திருக்கக் கூடாதா? எதுக்குங்கப்பா வந்தீங்க?"

எதற்கு வந்தேன்? இறக்கிக் கூட்டிப் போக வந்தேன். டாக்டர் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடியது. முன்னாலேயே நம்பிவிட்டால் நம்பியதுதான் தெரியும். இந்த அறையில் இருக்கிறவர்களில் இவள் யாரை நம்பி வளர்ந்தவள்?

"ஒண்ணு சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தேன். உங்க ஓடுபாதையப் பாத்தேன். அதுல எந்நேரமும் சனங்க நிக்கறாங்க சாமி. பொம்பளைங்க, புள்ளைங்க. பகல்லயும் நிக்கறாங்க, ராத்திரியிலயும் நிக்கறாங்க. நீ வண்டியெடுக்கப் போறப்பவெல்லாம் நிப்பாங்க."

கமாண்டர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"கடல்லயும் அப்படித்தான். எந்தப் படகப் பாத்தாலும் வலை போடறவந்தான் இருப்பான். வெறும் கையோட இருப்பான், உன்ற அப்பனாட்ட. இல்லைன்னு இவங்க சொல்லுவாங்க. யாரு சொன்னாலும் நம்பாத. உன்ற கண்ண மட்டும் நம்பு, கேட்டுக்கிட்டியா? கண்ண நம்பு சாமி."

"எப்பப் பாத்தாலும் யாரையும் நம்பாதங்கறதே உங்களுக்கு..." என்று சிரித்தாள். "செரிங்கப்பா. நம்பல."

கமாண்டர் பாய்ந்து செல்போனை எடுத்து அதன் பொத்தானை அமுக்கினார். "லைன் கட்டாயிடுச்சு," என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். இனிமேல் நான் ஒரு வார்த்தை பேசினாலும் அவள் கண் போய்விடும்.

"நீ போகலாம் கனிஷ்கா," என்றார். "அப்பா வயசானவர், ஏதோ சொல்றார். அங்க யாரும் கிடையாது. ஓடுபாதை காலியாத்தான் இருக்கு."

"செரிங்க சார்." திரும்பினாள். போகிற போக்கில் கண்ணாடிச் சுவர் வழியாக வெளியே பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"சார், யாரு சார் இவங்கெல்லாம்?"

"யாரும்மா? யாரும் இல்ல."

"இவ்வளவு பேரு நிக்கறாங்களே சார். அந்த அம்மா இடுப்புல கொழந்தைய வெச்சிருக்குது."

டாக்டர் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். வெயிலில் தார் மினுங்கிக்கொண்டு கிடந்தது. கடல் வரைக்கும் ஒரு காக்காய்கூட இல்லை.

கமாண்டர் அவளிடம் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காதில் ஏறவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்விட்டாள். வண்டி வரும், தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க என்று, யாருமே இல்லாத அந்த ஓடுபாதையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.